ஆனையிறவு தாண்டும்போது

அன்பு மருமகனுக்கு,

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய், கொழும்பிலிருந்து நீயே கார் ஓடி வரப்போகிறாய் என்று அக்கா சொன்னா. சந்தோஷம். ஓட்டம் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதவேண்டியிருக்கிறது.

சுவிசில் ஊருக்குள் வேக எல்லையைவிட ஐந்து கிலோமீற்றர் கூட ஓடினாலே 40 பிராங் தண்டம் என்று வீட்டுக்குக் கடிதம் வந்துவிடும். அந்தக் கடிதத்துக்குப் பயந்து அங்கே அடக்கமாய் ஓடுகிற பிள்ளைகள்தான் இங்கே வந்து இறங்கியதும் பறக்கிறார்கள். பெட்டிக் கமரா கண்ணில் படாததால் கேட்க ஆளில்லை என்று நினைப்பு.

பரந்தன் கழிந்தால் ஏ9 வீதி வெட்டவெளியில் நேரே ஓடும். கால் தானாக அழுத்தும். கார் 70க்கு மேல் போகக்கூடாது, ஊர்மனைக்குள் 50. கொடிகாமம் சந்தை நேரத்தில் அந்த 50உம் கூடத்தான். தேங்காய் மூட்டை கட்டின சைக்கிள் கைகூடக் காட்டாமல் குறுக்கே திரும்பும். எதிரே வருகிறவன் லைற் அடித்தால், "நான் வாறன், விலகு" என்றும் இருக்கலாம், "அங்காலை பொலிஸ் நிக்குது" என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் வேகத்தைக் குறை.

பொலிஸ் மரநிழலில் வேகம் அளக்கிற கருவியோடு நிற்கும். மறித்தால் ஓரங்கட்டு. கருவியில் விழுந்த எண்ணைப் பார்க்கவேண்டுமென்றால் மரியாதையாகக் கேள். "மாமாவுக்கு ஓ.ஐ.சி.யைத் தெரியும்" என்று தொடங்காதே, எனக்கு ஒருவரையும் தெரியாது. கடவுச்சீட்டுக்குள் தாள் வைத்து நீட்டவும் வேண்டாம், அது வேகத்தைவிடப் பெரிய குற்றம்.

எல்லையை எவ்வளவு தாண்டினாய் என்று பார்த்து 3,000 ரூபாவிலிருந்து தண்டம் ஏறும். அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டு எழுதித் தருவார்கள். தபாற்கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டை அதே பொலிஸ் நிலையத்தில் காட்டினால்தான் அது திரும்பக் கிடைக்கும். 2025இல் கவ்பே என்ற அரசாங்க இணையக் கட்டண முறை வந்தபிறகு கைத்தொலைபேசியிலும் கட்டலாம். அதற்கு உள்ளூர் வங்கிச் செயலி வேண்டும், மச்சானை முன் சீற்றில் இருத்து.

மச்சான் பக்கத்தில் இல்லாமல் திரும்பிப் போகிற நாளில் அகப்படுவதுதான் சிக்கல். சனி இரவு வவுனியாவில் எந்தத் தபாற்கந்தோர் திறந்திருக்கும்? கிடக்கட்டும் என்று விமானம் ஏறவும் முடியாது. 14 நாள் கடந்தால் தண்டம் இரட்டிப்பு, 28 நாள் கடந்தால் நீதிமன்றம். நீ கொடுக்கப்போகிற விலாசம் எங்கள் வீடு. கடிதம் எனக்குத்தான் வரும். ஆகவே இரவு விமானமென்றால் விடியவே வெளிக்கிடு, மாமி சாப்பாடு கட்டித் தருவா.

அன்புடன்,
மாமா