பிஞ்சு ஈறுகள் புண்ணாகாமல் பல் தேய்க்க…

1. குழந்தைக்குச் சிறிய தலையுள்ள, அட்டையில் ‘சாஃப்ட்’ என்று போட்ட பிரஷ்தான் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புது பிரஷ்ஷின் நார்கள் சில வாரங்களிலேயே விரிந்துவிட்டால், ஒன்று குழந்தை அதைக் கடிக்கிறது. இல்லையென்றால் தேய்க்கும் கை அளவுக்கு மீறி அழுத்துகிறது. இரண்டாவது என்றால் ஈறுகளுக்கும் அதே அடிதான்.

2. பிரஷ்ஷை முஷ்டியில் இறுக்கிப் பிடித்தால் தோள் பலம் முழுக்க ஈறில் இறங்கும். பேனா பிடிக்கும் விரல்களால் லேசாகப் பிடியுங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நார்களைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். இடமும் வலமுமாக வேகமாக இழுத்துத் தேய்ப்பதுதான் ஈறுகளைக் கீறி, நாளடைவில் கீழே இறக்கிவிடும். முளைத்து வரும் கீழ் முன்பற்களில் ஈறு மெல்லியது, அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

3. ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். குழந்தை முதலில் தானே தேய்க்கட்டும், ஆசை தீரட்டும். பிறகு அதன் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு, உதட்டை விரலால் விலக்கித் தேயுங்கள். ஈறு கண்ணுக்குத் தெரிந்தால் கை தானாக மென்மையாகும். காலையும் இரவும் இரண்டு நிமிடம் போதும்.

4. ரத்தம் கசிந்தால் பலரும் பயந்து, அந்த இடத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அது தவறு. பெரும்பாலும் ஈறோரம் படிந்த அழுக்குதான் ஈறுகளை வீங்கவைத்திருக்கும். தேய்க்காவிட்டால் அது இன்னும் சேரும். மென்மையாகத் தொடர்ந்து தேய்த்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறைய வேண்டும். குறையாவிட்டாலோ, தேய்க்காமலே ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. அடுப்புக்கரி, செங்கல் பொடி, சாம்பல், கல் உப்பு எதுவும் வேண்டாம். சொரசொரப்பான பொடி ஈறுகளையும் உராயும், பால் பல்லின் மெல்லிய எனாமலையும் தேய்க்கும்.

6. ஃப்ளூரைடு பேஸ்ட், மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு. ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. துப்பப் பழக்குங்கள்.

7. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு ஓடவோ குதிக்கவோ விடாதீர்கள். கீழே விழுந்தால் ஈறு மட்டுமல்ல, மேலண்ணமும் தொண்டையும் குத்திக் கிழியும்.

8. ஆறு வயதையொட்டிக் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். அப்போது அங்கே ஈறு வீங்கி வலிப்பதால் குழந்தை பிரஷ்ஷைத் தள்ளிவிடும். தலை சிறிய பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கமாக உள்ளே விட்டு, அழுத்தாமல் துடைப்பதுபோல் தேயுங்கள்.