ஜூனோ துறைமுகத்தில் ஒரு பகல்

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவை வெளியூர்களோடு இணைக்கும் சாலை எதுவும் இல்லை. விமானத்திலோ கப்பலிலோதான் அங்கே போய்ச் சேர முடியும். கோடையில் சொகுசுக் கப்பலில் வந்து இறங்குபவரின் பகலை, கப்பலுக்குத் திரும்பியாக வேண்டிய கடைசி நேரமே வகுத்துவிடுகிறது. அந்த நேரம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடும். ஜூனோவின் கடிகாரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது என்பதால், கரையில் கைப்பேசி காட்டும் மணியும் கப்பலின் மணியும் ஒன்றுதானா என்பதை இறங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

திமிங்கிலம் காட்டும் படகுகள் கப்பல்துறையிலிருந்து அல்ல, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆக் விரிகுடாவிலிருந்து கிளம்புகின்றன. பேருந்தில் போய்வருவதையும் சேர்த்தால் அரைநாள் கழிந்துவிடும். அங்கே காணக்கிடைப்பவை பெரும்பாலும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள். அவற்றில் பல குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் இணைசேர்வதிலும் குட்டி ஈனுவதிலும் ஏறக்குறைய உண்ணாமலே கழித்துவிட்டு, மத்தியை ஒத்த ஹெர்ரிங் என்னும் சிறுமீனைத் தேடி வடக்கே வருபவை. ஆகவே நீரை வெறுமனே துழாவுவதைவிட, கடற்காகங்கள் கூட்டமாக வட்டமிடும் இடத்தைக் கவனிப்பது பயன் தரும். சில வேளைகளில் திமிங்கிலங்கள் குழுவாகச் சேர்ந்து, மீன்கூட்டத்தைச் சுற்றிக் குமிழிகளால் வலைபோல் வளைத்து, கீழிருந்து வாயைத் திறந்தபடி ஒன்றாக எழுவதும் உண்டு. முதுகு வளைந்து வால் செங்குத்தாக மேலெழுந்தால் ஆழமாக மூழ்கப்போகிறது என்று பொருள். வாலின் அடிப்பக்கத்திலுள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், படம் எடுக்க ஏற்ற நொடியும் அதுவே. மூழ்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான ஒரு வட்டம் சற்று நேரம் மிதந்திருக்கும். அடுத்த பெருமூச்சுக்குப் பல நிமிடங்கள் ஆகலாம் என்பதால் அந்த வட்டத்தையே வெறித்திருப்பதில் பயனில்லை. படகுகள் 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், நெருங்கக்கூடாது என்ற விதி 2001 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகையால் கைப்பேசியைவிட இருகண்நோக்கி உதவும், மழைக்காட்டுப் பகுதி என்பதால் மழைச்சட்டை அதைவிட உதவும்.

கரை திரும்பியதும் பலரும் தேடுவது அரச நண்டின் தடித்த கால்களைத்தான். ஆனால் அது பெரும்பாலும் தொலைவிலுள்ள பெரிங் கடலில் இலையுதிர்காலத்தில் பிடித்து, வேகவைத்து உறையவைக்கப்பட்டது. கோடையில் தட்டில் வருவது உறைநிலை நீக்கியதே. அதன் முக்கியக் களமான பிரிஸ்டல் விரிகுடாவில் 2021, 2022 பருவங்களில் நண்டுப் பிடிப்பு நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு மாறாக, டஞ்சனஸ் நண்டு தென்கிழக்கு அலாஸ்காவின் நீரிலேயே, ஜூன் நடுவில் தொடங்கும் பருவத்தில் கூடுவைத்துப் பிடிக்கப்படுவது. ஓட்டின் அகலம் ஆறரை அங்குலத்துக்குக் குறையாத ஆண் நண்டுகளை மட்டுமே வணிகத்துக்கு எடுக்கலாம். மீன்பண்ணைகளுக்கு 1990 முதல் அம்மாநிலத்தில் தடை இருப்பதால், அங்கே பிடிபடும் சால்மனும் கடலில் தானாக இரைதேடி வளர்ந்ததாகவே இருக்கும். உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சையும் மட்டுமே துணைக்கு வரும் என்பதால், மிளகு தூக்கலான நண்டுக்குழம்புக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் சற்றுச் சப்பென்றிருக்கலாம்; சதையின் இனிப்பு பிடிபட இரண்டு கால்களாவது உடைபட வேண்டும். முழு நண்டு ஒன்றை ஓடு பிளந்து, கொடுக்கை நொறுக்கி, மூட்டுகளின் நார்ச்சதைவரை எடுத்து உண்பதற்கு அரை மணிக்குக் குறையாது. கப்பலுக்குத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுபவர் பேருந்துக்கு ஒதுக்குவதுபோல் இதற்கும் ஒதுக்க வேண்டும்.