பதின்மூன்று எப்படி வந்தது?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)



கணக்கு என்றாலே நம்மில் பலருக்கு வேப்பங்காய். எனக்கு அப்படிக் கசந்தது கிடையாது. காரணம், நான் கணக்கைப் போடுவதே இல்லை. வரலாற்றைப் போல மனப்பாடம் செய்துவிடுவேன். இந்த வித்தை அரையாண்டுத் தேர்வு வரை என்னைக் காப்பாற்றியது.

அந்தத் தேர்வில் ஒரு கனச்செவ்வகப் பெட்டியின் மூலைவிட்டத்தைக் கேட்டிருந்தார்கள். குறிப்பேட்டில் நாங்கள் செய்த பெட்டிக்கு நீளம் 12, அகலம் 4, உயரம் 3 செ.மீ.; விடை 13. வினாத்தாளில் இருந்த பெட்டியோ 6, 3, 2. நான் கை போன போக்கில் 13 என்றே எழுதி, அதன் கீழ் இரண்டு கோடும் போட்டு வைத்தேன்.

கணக்கு சிஸ்டர் திட்டவில்லை. விடைத்தாளை என்முன் வைத்து, “ஓர் எறும்பு இந்தப் பெட்டியின் விளிம்பு வழியாகவே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போனால் எவ்வளவு தூரம் நடக்கும்?” என்று கேட்டார். ஆறும் மூன்றும் இரண்டும் சேர்த்துப் பதினொன்று என்றேன். “சுற்றி நடந்தாலே பதினொன்று. நேராகப் போனால் பதின்மூன்றாம்மா?” என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், கண்ணில் நீரோடு. மதிப்பெண் போனதைவிட, இவ்வளவு எளிய கேள்வியை என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லையே என்பதுதான் உறுத்தியது.

அன்று மாலை சிஸ்டர் எங்களுக்கு ஜார்ஜ் போலியா என்னும் கணித ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். பெயரைக் கேட்டதும் கடைசி வரிசையில் ஒருத்தி “போலியா, அசலா?” என்றாள். அசல்தான். 1887-இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பல ஆண்டுகள் கற்பித்து, பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1985-இல் மறைந்தார்.

மாணவராக இருந்தபோது அவரை ஒரு கேள்வி வாட்டியதாம். ஆசிரியர் பலகையில் கணக்கைச் செய்து முடிக்கிறார். விடை சரிதான், ஒவ்வொரு வரியும் சரிதான். ஆனால் அந்த வழி அவருக்கு முதலில் எப்படித் தோன்றியது? எனக்கு அது எப்படித் தோன்றும்? இந்தக் கேள்வியின் பலனாக அவர் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதே அதன் பொருள். கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய்துபார், முடித்தபின் திரும்பிப் பார் என்று நான்கு படிகள் சொல்கிறார். நான்காவது படியில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

என் பெட்டிக் கணக்கும் அந்த நூலில் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது! ஆசிரியர் அங்கே சூத்திரத்தைச் சொல்வதில்லை. வகுப்பறையையே பெட்டியாகக் காட்டி, எதைக் காணவேண்டும், இதைப் போன்ற கணக்கை முன்பு செய்திருக்கிறாயா, ஒரு செங்கோண முக்கோணம் இங்கே கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே போகிறார். தரையின் மூலைவிட்டத்தை வரைந்தால் முக்கோணம் கிடைத்துவிடும். என் பெட்டிக்கு 36-உம் 9-உம் சேர்ந்து 45, அதோடு 4 சேர்ந்தால் 49, மூலைவிட்டம் 7. ஆசிரியர் மிகுதியாகவும் உதவக்கூடாது, குறைவாகவும் உதவக்கூடாது என்பது போலியாவின் கருத்து. அவர் கேட்கும் கேள்வி, மாணவி தானே கேட்டிருக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அப்படியானால்தான் ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நாளிலும், தேர்வு அறையிலும், அந்தக் கேள்வி உடன் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. எழுபது வயதைக் கடந்தபின் அவர் ஒரு வகுப்பு நடத்துவதைப் படமாக எடுத்திருக்கிறார்கள். ஐந்து தளங்கள் தாறுமாறாகச் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டினால் வெளி எத்தனை பகுதிகளாகும் என்பது கேள்வி. (எந்த இரண்டும் இணையாக இருக்கக்கூடாது, எந்த நான்கும் ஒரே புள்ளியில் கூடக்கூடாது.) முதலில் ஊகித்துச் சொல்லுங்கள் என்கிறார். நம் வகுப்பில் ஊகித்தால் ‘குருட்டாம்போக்கு’ என்பார்கள். அவரோ ஊகிக்கக் கற்பிக்கவேண்டும் என்கிறார். ஆனால் ஊகத்தைச் சோதிக்காமல் விடுவதில்லை.

நாங்களும் ஊகித்தோம். ஒரு தளம் 2 பகுதி, இரண்டு தளம் 4, மூன்று தளம் 8. ஆகவே நான்குக்கு 16, ஐந்துக்கு 32 என்று கோரஸாகக் கத்தினோம். சிஸ்டர் எளிய கணக்குக்கு இறங்கச் சொன்னார். ஒரு தோசையை நேர்கோடாக மூன்று முறை வெட்டினால் எத்தனை துண்டு? ஒரு வெட்டுக்கு 2, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8 என்று எதிர்பார்த்தோம். எவ்வளவு முயன்றாலும் 7-க்கு மேல் வரவில்லை! மூன்றாவது கோட்டை முந்தைய இரண்டு கோடுகளும் மூன்று துண்டாக்குகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு பகுதியை இரண்டாக்கும். ஆகவே 4-உம் 3-உம் 7. நான்காவது வெட்டுக்கு 7-உம் 4-உம் 11.

இனித் தளத்துக்கு வருவோம். நான்காவது தளத்தின்மேல் முந்தைய மூன்று தளங்களும் மூன்று கோடுகளாகப் படியும். மூன்று கோடு என்றால் தோசையில் 7. ஆகவே 8-உம் 7-உம் 15. எங்கள் 16 பொய்த்தது. ஐந்தாவது தளத்தில் நான்கு கோடுகள். 15-உம் 11-உம் 26. இதைக் கரும்பலகையில் கண்டுபிடித்தவள் வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி. 32 என்று உரக்கக் கத்தியவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டில் ஓர் உருளைக்கிழங்கை நான்கு முறை சாய்த்துச் சாய்த்து வெட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்னஞ்சிறு துண்டு எல்லாப் பக்கமும் தட்டையாகக் கிடைத்தது. அதையும் சேர்த்துப் பதினான்கு வரை எண்ணிவிட்டேன். பதினைந்தாவதைத் தேடுவதற்குள் அம்மா எல்லாவற்றையும் வாரிக் குழம்பில் போட்டுவிட்டார்கள்.