பழைய வண்டியை இரும்புக்குப் போடும் முன்…



நம்ம லயங்களின் பின்பக்கம் ஓடாமல் கிடக்கும் ஆட்டோ, வேன், மோட்டார் சைக்கிள் இப்போது நிறைய. பழைய இரும்பு வியாபாரி லொறியோடு வந்தால் விலை பேசி ஏற்றிவிடுகிறோம். வண்டி ஓடாவிட்டாலும் டேங்கில் எண்ணெய் மிச்சம் இருக்கும். அதை எப்படி இறக்குவது என்று இந்த முறை படிப்போம்.

வாயால் இழுக்காதீர்கள்

நாங்கள் லயம் பார்க்கப் போன இடத்தில் ஒரு தம்பி ஹோஸ் துண்டை வாயில் வைத்துப் பெற்றோலை இழுத்தார். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. வீட்டுக்காரர்கள் பயந்துபோய் உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். அன்று இரவே மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். உயிர் தப்பினார். ஆனால் பல நாள் வேலைக்குப் போக முடியவில்லை.

பெற்றோல் வயிற்றுக்குள் போவதை விட நெஞ்சுக்குள், அதாவது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. வாந்தி எடுத்தால் அது இரண்டாம் முறையும் தொண்டை வழியாக ஏறி நுரையீரலுக்குள் இறங்கும். ஆகவே வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

காலி டேங்க் காலி இல்லை

"பெற்றோல்தான் இல்லையே, வெட்டினால் என்ன?" என்று கேட்பார்கள். இங்கேதான் பிழை விடுகிறோம். எரிவது பெற்றோலின் ஆவி. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நுவரெலியாவில் பனி உறையும் குளிரிலும் பெற்றோல் ஆவி தீப்பிடிக்கும். டீசல் அப்படி லேசில் பற்றாது. ஆனால் வெட்டும் சூட்டில் அதுவும் ஆவியாகும். தண்ணி ஊற்றிக் கழுவினாலும் நம்ப முடியாது.

இந்த ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். மேட்டு லயத்தில் பெற்றோல் இறக்கினால் பணிய லயத்து அடுப்பில் பற்றக்கூடும்.

எப்படி இறக்குவது?

1. வண்டியைத் தள்ளி லயத்துக்குத் தூரமாக, வெட்ட வெளிக்குக் கொண்டு போங்கள். சுருட்டு, பீடி, குப்பி லாம்பு கிட்ட வரக்கூடாது. பிள்ளைகளும் வரக்கூடாது.
2. முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள்.
3. டேங்கில் இருந்து வரும் குழாயைக் கழற்றித் தானாக வடிய விடுங்கள். இல்லையென்றால் கையால் அமுக்கும் பம்பைப் பாவியுங்கள். வேன் டேங்க் என்றால் கராஜ் பாஸைக் கூப்பிடுவதே நல்லது.
4. பெற்றோல் கேனைத் தரையில் வைத்துப் பிடியுங்கள். சோடாப் போத்தலில் பிடித்தால் தாகத்துக்கு யாரும் எடுத்துக் குடித்துவிடலாம்.
5. டேங்கின் மூடியை இறுக்கிப் போட்டு, "உள்ளே ஆவி இருக்கு" என்று வியாபாரியிடம் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் வெட்டவோ கிரைண்டர் போடவோ வேண்டாம்.

இறக்கிய எண்ணெய்

2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கேனில் சேர்த்துக் காம்பராவுக்குள் வைக்கும் பழக்கம் பலருக்கும் வந்தது. அதை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் அடுப்பிலோ லாம்பிலோ பெற்றோல் கலந்தால் வீடே பற்றும். கானில் ஊற்றினால் ஆற்றுக்குப் போகும். கீழே உள்ளவர்கள் குடிக்கும் பீலித் தண்ணியும் கெடும். அன்றே கராஜில் கொடுத்துவிடுங்கள். தீப்பிடித்தால் தண்ணி ஊற்றாமல் மண்ணை அள்ளிப் போடுங்கள்.

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நிறைந்த டேங்க், காலி டேங்க், இரண்டில் எதை வெட்டினால் ஆபத்து அதிகம்? சரியாகப் பதில் சொன்னால் இந்தப் பாடம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.