காளையோடு ஓடும் கட்டம்

கேள்வி: ஜல்லிக்கட்டைப் படம் எடுக்கும்போது செல்போன் திரையில் காளையைத் தொட்டால், அதைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்து கூடவே ஓடுகிறது. இவ்வளவு சின்னக் கருவிக்குள் இந்தத் திறமை எங்கிருந்து வந்தது?
– வாசகர், தச்சங்குறிச்சி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: கையெழுத்துச் சோதனையிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

1993-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேன் பிராம்லி, யான் லெகுன் முதலானோர் போலிக் கையெழுத்தைப் பிடிக்க ஒரு வழி கண்டார்கள். அச்சு அசலாக ஒன்றுபோலவே உள்ள இரண்டு நரம்பு வலைப்பின்னல்கள். ஒன்றுக்குள் பழைய கையெழுத்து போகும், இன்னொன்றுக்குள் இப்போது போட்டது. இரண்டிலிருந்தும் வரும் எண்கள் நெருங்கியிருந்தால் ஆள் சரி. கடன் அட்டையின் காந்தப் பட்டையில் அடங்கவேண்டும் என்பதற்காக, ஒரு கையெழுத்தின் சாரத்தைச் சுமார் 80 பைட்டுக்குள் சுருக்கப் பார்த்தார்கள். இந்த இரட்டை வலைப்பின்னல் குடும்பத்துக்குச் சிக்கனம் பிறவிக்குணம்!

இனி உங்கள் வாடிவாசலுக்கு வருவோம். காளை பாய்ந்து வரும்போது முகம் தெரியும். அடுத்த நொடி விலா, அப்புறம் வால். திமிலைத் தழுவிய வீரர் பாதி உடம்பை மறைப்பார், புழுதி மீதியை மறைக்கும். நொடிக்கு 30 படம் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 33 மில்லி நொடிதான். 2012-இல் புகழ்பெற்ற அலெக்ஸ்நெட் வலைப்பின்னலில், பயிற்சியில் கற்றுவைத்த எண்கள் மட்டும் சுமார் 6 கோடி. ‘இது என்ன? மாடா, மனிதனா?’ என்று அறியவே அத்தனை பாரம்.

2016-இல் ஆக்ஸ்போர்டில் லூகா பெர்ட்டினெட்டோ குழுவினர் கேள்வியையே மாற்றினார்கள். நீங்கள் தொட்டுக் காட்டியதன் சிறுபடம் ஒன்று, அடுத்த படத்தில் அது இருந்த இடத்தைச் சுற்றிய பெரிய துண்டு ஒன்று. இதில் அது எங்கே? 1993-இன் அதே இரட்டை வலைப்பின்னல்தான். மாடு என்றால் என்ன என்றே அதற்குத் தெரியவேண்டியதில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் ஆகச் சிறந்த யோசனை இதுவே.

பாரத்தைக் குறைத்ததில் 2017-இல் கூகுள் வெளியிட்ட மொபைல்நெட் வலைப்பின்னலுக்குப் பெரும்பங்கு உண்டு. வலைப்பின்னலுக்குள் படம் 128 அடுக்குகளாகப் பிரிந்திருந்தால், அவற்றையெல்லாம் மூன்றுக்கு மூன்று கட்டத்தால் ஒரேயடியாகக் கலந்து, புதிதாக 128 அடுக்குகள் செய்ய, ஒவ்வொரு புள்ளிக்கும் 1,47,456 பெருக்கல்கள் வேண்டும். முதலில் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே துழாவிவிட்டு, பிறகு கலந்தால் 17,536 போதும். எட்டில் ஒரு பங்கு வேலை, துல்லியத்தில் சொற்ப இழப்பு! 2021-இல் வந்த லைட்டிராக் என்ற பின்தொடரும் முறை, செல்போன் சில்லுக்கு ஏற்ற அமைப்பைக் கணினியையே தேடிக் கண்டுபிடிக்க வைத்தது.

ஒன்று கவனியுங்கள். 2016-இன் அந்த முறை, முதலில் காட்டிய படத்தை மட்டுமே நம்பும். ஒரே நிறக் காளைகள் அருகருகே வந்தால் கட்டம் தாவிவிடலாம். விரலால் கட்டம் வரையும் வசதி இருந்தால், பக்கத்தில் நிற்கும் வீரரையும் சேர்த்து வளைக்காமல், கொம்பும் திமிலும் அடங்க இறுக்கமாக வரையுங்கள்.