வரைபலகையும் கட்டுமிடமும்

கட்டடக் கலை பயிலப் புகும் மாணவன் முதற்கண் கற்கவேண்டுவது யாது? கோடு பிழையாது வரைதல் என்பர் சிலர். அக்கோடு யாருக்காக என்று வினவுதலே முதற் பாடமாம் என்பதற்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கோல்கொண்ட் விடுதி சான்று பகர்கின்றது.

அதனை வகுத்தவர் தோக்கியோவில் தொழில் நடத்திய அந்தோனின் ரேமண்ட். 1937-இல் அவர் சார்பில் இங்கு வந்து கட்டுவித்த ஜார்ஜ் நகஷிமா, அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலையில் உயர்பட்டம் பெற்றவர். ஆயினும் கட்டட வேலை முன்னறியாத ஆசிரமத்தாரோடு அவரும் நின்று உழைத்தார். ஊதியம் வேண்டாவென்று ஆசிரமத்திலேயே வாழ்ந்தார். வெயிலும் புழுக்கமும் அவருக்கும் ஆசிரியராயின.

அவ்விடுதி வடக்கும் தெற்கும் நோக்கி நிற்கின்றது. அம்முகப்புகளில் கண்ணாடிச் சன்னல் இல்லை. திருப்பத்தக்க கிடைப்பலகைகள் வெயிலையும் மழையையும் விலக்கிக் காற்றை மட்டும் விடுகின்றன. தேக்குச் சட்டங்களாலான நகர்கதவுகள் மறைவு தந்தும் காற்றைத் தடுப்பதில்லை. கூரையோ இரண்டடுக்கு, இடைவெளி வெப்பத்தைத் தணிக்கின்றது. காகிதத்தில் கோடாயிருந்தது ஆங்கே நிழலாகின்றது.

1939-இல் புதுவையை நீங்கிய நகஷிமா, பிற்காலத்தில் தச்சுத் தொழிலையே மேற்கொண்டு, மரத்தாலான மேசை நாற்காலிகளால் உலகப் புகழ் எய்தினார். பட்டம் பெற்ற கை உளிபிடிக்க நாணவில்லை.

யாப்பிலக்கணம் முற்றக் கற்றவனுக்கும், தானே ஒரு வெண்பா இயற்றப் புகும்போதன்றோ தளை தட்டுவது புலனாகும்? தச்சர் மனையில் வளர்ந்த இரட்சகரைத் தொழும் நாம், கைத்தொழிலைக் கல்வியின் புறத்தே நிறுத்துதல் தகுமோ?