போதகர் வீட்டில் விரிசல்: சபையார் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மீஞ்சூரில் வாடகை வீடு, பழவேற்காட்டு ஏரிக்கரையில் இரண்டு மூன்று குப்பங்களில் சபை. வடசென்னையைத் தாண்டி ஊழியம் செய்யும் போதகர்கள் பலருக்கு வாழ்க்கை இப்படித்தான். பழவேற்காட்டு மகிமை மாதா கோயில் குருவானவருக்கு மனைவி மக்கள் கிடையாது. பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்களும் துறவிகள்தான். தென்னிந்தியத் திருச்சபை ஆயருக்கும் சுயாதீன சபை பாஸ்டருக்கும் குடும்பம் உண்டு. குடும்பம் இருந்தால் மனக்கசப்பும் வரும், சில நேரம் பிரிவும் வரும். குப்பத்தில் காலையில் கசிந்த பேச்சு பொன்னேரி மீன் மார்க்கெட்டுக்கு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்போது சபை வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறது. பாஸ்டர் பெரியவர் என்று மூடி மறைக்கிறது, இல்லையென்றால் ஒரே ராத்திரியில் துரத்திவிடுகிறது. இரண்டிலும் அதிகம் இழப்பவர் பாஸ்டரம்மா. அவர் குடியிருக்கும் வீடு சபை எடுத்துக் கொடுத்தது, சோறு காணிக்கையில் வருவது, தோழிகள் எல்லாரும் சபைப் பெண்கள். கணவரோடு உறவு முறிந்தால் அத்தனையும் சேர்ந்தே போகும். ஆகவே கிருபை காட்ட நினைக்கும் சபை முதலில் கூரை, அரிசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைப் பார்க்கட்டும். வசனம் அப்புறம் சொல்லலாம்.

1. பேச்சு காதில் விழுந்ததும்

*செய்ய வேண்டியவை*

• சொன்னவரிடம், "நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மீதி உண்மையாக இருந்தால் பொறுப்பில் உள்ள இரண்டு மூப்பர்களிடம் மட்டும் சொல்லுங்கள்.

• அடி உதை உண்டா, உயிருக்குப் பயமா என்பதை முதலில் விசாரியுங்கள். இருந்தால் சமரசப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்தில் சேருங்கள். மகளிர் உதவி எண் 181. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாஸ்டர் மனைவிக்கும் பொருந்தும்.

• குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் மூப்பர் கூட்டம் போட்டுப் பேசாதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098.

• மனக்கசப்பு, தனித்தனி வாழ்க்கை, துரோகம், வன்முறை நான்கும் வேறு வேறு. எது நடந்தது என்று தெரியும்வரை எந்தப் பெயரும் வைக்காதீர்கள். கடன் தொல்லையில் சண்டை போட்ட வீட்டைத் துரோகம் நடந்த வீடாக்கிவிடும் வேகம் நம் எல்லாருக்கும் உண்டு.

*செய்யக்கூடாதவை*

• "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். ஜெபிக்க விவரம் வேண்டாம். விவரம் கேட்பவர் ஜெபத்துக்காகக் கேட்கவில்லை.

• அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது என்ற சங்கீத வசனத்தைக் காட்டிக் கேள்வி கேட்பவர் வாயை அடைக்காதீர்கள். நாடோடிகளாகத் திரிந்த முற்பிதாக்களை அரசர்கள் துன்புறுத்தாமல் கடவுள் காத்ததைச் சொல்லும் வசனம் அது. மனைவியின் புகாரிலிருந்து கணவனைக் காப்பாற்ற எழுதியது அல்ல.

• நேரே ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வலைத் தகராறையும், முறைவைத்து மீன்பிடிக்கும் 'பாடு' பற்றிய தகராறையும் தீர்க்கப் பழகிய கூட்டம் அது. அங்கே உட்காருகிறவர்கள் ஆண்கள், முடிவு பெரும்பாலும் தண்டமாக வரும். அந்த அம்மாள் தன் வாயால் பேச அங்கே இடம் கிடைப்பது அரிது. ஊர்ப் பெரியவர்கள் கேட்டால், "சபையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வன்முறை எதையும் மறைக்க மாட்டோம்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

2. பாஸ்டரம்மாவிடமும் பிள்ளைகளிடமும்

*செய்ய வேண்டியவை*

• இரண்டு பெண்கள் போங்கள், கூட்டமாகப் போகாதீர்கள். "என்னக்கா ஆச்சு?" என்று தொடங்காமல், "அக்கா, பசங்களுக்கு ஃபீஸ் கட்டியாச்சா?" என்று தொடங்குங்கள். பேச விருப்பம் இருந்தால் அவரே பேசுவார்.

• பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று அன்றே முடிவு செய்யுங்கள். இந்தியாவில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். கப்பலேற விருப்பமில்லாமல் இருந்து கடைசியில் உடன் வந்த மனைவி டாரதி, அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார். பிறகு அவர் மனம் பேதலித்தது. கணவர் துரோகம் செய்கிறார் என்று நம்பினார். 1807இல் இறக்கும்வரை குணமாகவில்லை. டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரில் கேரி பைபிளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, கேட்பாரில்லாமல் திரிந்த அவருடைய பையன்களைச் சக ஊழியரின் மனைவி ஹன்னா மார்ஷ்மனும் அச்சுக்காரர் வில்லியம் வார்டும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். கேரி தம்பதியின் வழக்கில் தீர்ப்பு சொல்லி ஹன்னாவுக்கும் வார்டுக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பையன்களுக்கு அன்றாடம் ஆள் வேண்டியிருந்தது, அந்த இருவரும் இருந்தார்கள்.

• மனநோய் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. பிசாசு என்று சொல்லி உபவாச ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

• வழக்கறிஞர் வேண்டுமென்றால் கடன் வாங்க விடாதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்ட ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய எண் 15100.

*செய்யக்கூடாதவை*

• "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா, ஊழியம் கெட்டுப்போகும்" என்று சொல்லாதீர்கள். ஊழியத்தின் பாரத்தை ஒருத்தி தலையில் வைக்கும் வார்த்தை அது.

• போதகர் நல்ல பேச்சாளர் என்பதால் மனைவிதான் பிசாசு என்று முடிவு கட்டாதீர்கள். மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி 1751இல் மேரி வசேல் என்ற விதவையை மணந்தார். அந்த வாழ்க்கை சரிப்படவில்லை. கடைசி வருடங்களில் இருவரும் பிரிந்தே இருந்தார்கள். 1781இல் அவர் இறந்தது வெஸ்லிக்குத் தெரியும்போது அடக்கமே முடிந்திருந்தது. வெஸ்லியைப் போற்றிய வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் அந்த அம்மாளைச் சண்டைக்காரி என்றே எழுதினார்கள். ஆண்டு முழுக்கக் குதிரையில் சுற்றிய கணவரோடு அவர் எப்படி வாழ்ந்தார் என்று எழுதியவர்கள் குறைவு.

• பிள்ளைகளிடம் விசாரிக்காதீர்கள். "அப்பா வீட்டுக்கு வராரா?" என்று ஞாயிறு பள்ளி டீச்சர்கூடக் கேட்கக் கூடாது.

3. போதகரிடம்

*செய்ய வேண்டியவை*

• பிரசங்க மேடையிலிருந்து சில மாதம் ஓய்வு கொடுங்கள். அந்த மாதங்களுக்குச் சம்பளத்தையும் தவறாமல் கொடுங்கள். வருமானம் நிற்கும் என்று தெரிந்தால் எந்த மனிதனும் உண்மையைச் சொல்ல மாட்டான்.

• ஆலோசனைக்குச் சபைக்கு வெளியே ஒருவரைத் தேடிக் கொடுங்கள். தன் விசுவாசிகளிடம் மனம் திறக்கப் போதகரால் முடியாது. மேலதிகாரியிடம் பேசினால் வேலை போகும் பயம் வரும்.

• அவர் தனியாகச் சாப்பிடுகிறார் என்றால் ஒரு வேளை சோறு அனுப்புங்கள். அவரை விசாரிக்கும் கமிட்டியில் நீங்கள் இருந்தாலும் அனுப்புங்கள். மனம் உடைந்து தவறான முடிவுக்குப் போகிற ஆண்கள் நம் ஊரில் குறைவில்லை.

*செய்யக்கூடாதவை*

• கணவன் மனைவி இருவரையும் மேடையில் நிறுத்திக் கைகோர்க்க வைக்காதீர்கள். கைதட்டலுக்காகச் சேர்ந்த கை வீட்டுக்குள் போனதும் விட்டுப்போகும்.

• "சாட்சி சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள். வருந்தியவர் பேசும் முன் செய்து காட்டட்டும்: கணக்கை ஒப்படைக்கட்டும், மனைவி கேட்ட தூரத்தைக் கொடுக்கட்டும், மருந்தோ குடியை நிறுத்தும் சிகிச்சையோ வேண்டுமென்றால் எடுக்கட்டும்.

• மன்னிப்பையும் பதவியையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். மன்னிப்பதற்குக் காலக்கெடு இல்லை. திரும்ப மேய்ப்பராக உட்காரத் தகுதி உண்டா என்பது தனிக் கேள்வி, அதற்கு வருடங்கள் ஆகலாம்.

4. மூப்பர்களும் கமிட்டியும்

*செய்ய வேண்டியவை*

• தென்னிந்தியத் திருச்சபை என்றால் பேராயருக்கு எழுதுங்கள். சுயாதீன சபைக்கு மேலே யாரும் இல்லை. ஆகவே வெளியூர்ப் போதகர்கள் இருவரையும், வழக்கறிஞரோ மனநல ஆலோசகரோ ஆன ஒரு பெண்ணையும் அழைத்து விசாரணையை அவர்களிடம் ஒப்படையுங்கள். போதகரின் மச்சானும் சித்தப்பாவும் கமிட்டியில் இருந்தால் விலகி நிற்கட்டும்.

• தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம், 5ஆம் அதிகாரத்தின் இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். 19ஆவது, சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் குற்றச்சாட்டை ஏற்காதே என்கிறது. 20ஆவது, குற்றம் உறுதியானால் எல்லாருக்கும் தெரியக் கண்டிக்கச் சொல்கிறது. போதகரின் ஆட்கள் முதலாவதோடும், எதிராளிகள் இரண்டாவதோடும் நிறுத்திக்கொள்வார்கள்.

• சபைக்கு ஒரே தடவை, எழுதி வைத்துப் படியுங்கள். நான்கு வரி போதும்: "நம் போதகர் குடும்பத்தில் ஒரு நெருக்கடி இருக்கிறது. அவர் இத்தனை மாதம் ஊழியத்திலிருந்து ஓய்வில் இருப்பார். இருவருக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியதைச் சபை செய்துவருகிறது. கேள்வி இருந்தால் இன்னாரிடம் கேளுங்கள், குடும்பத்தாரிடம் கேட்காதீர்கள்." படிக்கும் முன் இருவருக்கும் காட்டுங்கள்.

• விதி எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிரபல போதகர் சார்லஸ் ஸ்டான்லிமேல் அவர் மனைவி 1993இல் விவாகரத்து வழக்குப் போட்டார். 2000இல்தான் விவாகரத்து முடிவானது. சபை அவரையே போதகராக வைத்துக்கொண்டது. அது சரியா என்பதில் விசுவாசிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. விவாகரத்தானவர் தொடரலாமா என்பதை யாருக்கும் பிரச்சினை இல்லாத காலத்திலேயே எழுதிவைத்த சபை இந்த வாதத்தை ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து நடத்த வேண்டியிருக்காது.

*செய்யக்கூடாதவை*

• சபை லெட்டர்பேடில் விவாகரத்து எழுதிக் கொடுக்காதீர்கள். கிறிஸ்தவருக்கும் நீதிமன்றம்தான். திருச்சபைத் தீர்ப்பாயங்கள் தரும் விவாகரத்தைச் சட்டப்படி ஏற்கக் கோரிய மனுவை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் 2001இல் திருத்தப்பட்ட பிறகு, கிறிஸ்தவத் தம்பதியர் சேர்ந்தே மனுப் போடவும் வழி உண்டு.

• ஆயரை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்கு மாற்றிக் கதையை முடிக்காதீர்கள். போகிற ஊருக்கு உண்மையைச் சொல்லாமல் அனுப்புவது அங்கே இருக்கும் பெண்களுக்குச் செய்யும் துரோகம்.

• வீட்டுச் சாவியைப் பிடுங்காதீர்கள். கணவனோடு வாழ்ந்த வீட்டில் மனைவி குடியிருப்பது பற்றி 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பேசுகிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் காலி செய்யச் சொன்னால் சபையும் கோர்ட் ஏற நேரலாம்.

5. பிரிந்துவிட்டால்

*செய்ய வேண்டியவை*

• கல்வி ஆண்டு முடியும்வரையாவது தாயும் பிள்ளைகளும் அதே வீட்டில் இருக்க வழி பாருங்கள். முடியாவிட்டால் மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

• எந்தச் சபையில் ஆராதிக்க விருப்பம் என்று அந்த அம்மாளையே கேளுங்கள். இங்கேயே இருக்கிறேன் என்றால் பழைய இருக்கை அவருடையது. வேறு சபைக்குப் போகிறேன் என்றால் நல்ல வார்த்தையோடு அனுப்புங்கள்.

*செய்யக்கூடாதவை*

• சபையை அவர் கட்சி, இவர் கட்சி என்று பிரிக்காதீர்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று பார்ப்பதைக்கூட விட்டுவிடுங்கள்.

• மறுமணப் பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள்.

6. அடுத்த போதகர் வருமுன்

*செய்ய வேண்டியவை*

• போதகருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கொடுங்கள். அன்று யார் வீட்டில் என்ன நடந்தாலும் மூப்பர் போகட்டும்.

• சம்பளத்தை நிலையாக்குங்கள். ஏரி முகத்துவாரம் மணலில் அடைபட்டாலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததுபோல் புயல் வந்தாலும் படகு கடலுக்குப் போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலமும் உண்டு. அந்த மாதங்களில் காணிக்கை குறையும்போது பாஸ்டர் வீட்டில் கடனும் சண்டையும் ஏறும். நல்ல மாதத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தால் கெட்ட மாதத்தில் கை நீட்ட வேண்டியிருக்காது.

*செய்யக்கூடாதவை*

• பாஸ்டரம்மாவைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக எண்ணாதீர்கள். பாட்டு, ஞாயிறு பள்ளி, விருந்தாளிக்குச் சமையல் எல்லாம் அவர் தலையில் விழுகிறது. அதற்கும் ஒரு தொகை ஒதுக்கி அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கில் போடுங்கள். நாளைக்கு வீடு முறிந்தாலும் முறியாவிட்டாலும் அந்தப் பணம் அவருடையது.